ஜோஷுவா ட்ரீ அருகே விடுமுறை வீடு எடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை அமெரிக்காவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போனபோது ஒரே ஒரு படத்தை நம்பித்தான் வீட்டைப் பிடித்தோம். வாசலில் ஒரு வெந்நீர்த் தொட்டி, அதற்கு மேலே பால்வெளி. டிசம்பர் மாதம், இரவு எட்டரை மணி, விமான நிலையத்தில் எடுத்த தாழ்வான வாடகைக் கார். தார்ச்சாலை முடிந்து மண் சாலை தொடங்கிய இடத்தில் போனில் சிக்னல் போயிற்று. வழி தெரியாமல் ஒரு வறண்ட ஓடைக்குள் இறங்கி, சக்கரம் மணலில் புதைந்து, ஆளுக்கொரு பக்கம் தள்ளி வெளியே வந்தோம். வீடு வந்து சேர்ந்தபோது பத்தரை. உள்ளே ஹாலில் ஒரே ஒரு ஹீட்டர். தொட்டித் தண்ணீர் சூடாக நான்கு மணி நேரம் ஆகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பால்வெளி? அன்று பௌர்ணமி.

அதன் பிறகு நான்கு முறை போய்விட்டேன். இப்போது படங்களைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இந்தப் பாலைவனத்தில் வீடு எடுப்பதென்றால் வரிசை இதுதான்: முதலில் பூங்காவின் வாசல், பிறகு மாதம், பிறகு சாலை. அழகு அதற்கப்புறம்.

ஒரு சின்னப் பின்னணி. தென்கிழக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் இந்தப் பூங்கா 1936-இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 140 மைல், சான் டியேகோவிலிருந்து 175 மைல், லாஸ் வேகாஸிலிருந்து 215 மைல். உள்ளே கூடாரம் போட இடங்கள் உண்டு. ஆனால் விடுதி கிடையாது, கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது. கூடாரம் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் பூங்காவுக்கு வெளியேதான் தங்கியாக வேண்டும்.

படி 1: எந்த வாசல்?

"பூங்காவிலிருந்து ஐந்தே நிமிடம்" என்ற வரி பாதி வீடுகளின் விளம்பரத்தில் இருக்கும். பல நேரம் அது பொய்யில்லை. ஆனால் பயனும் இல்லை. பூங்காவின் எல்லைக்கோடு நீளமானது. எல்லை பக்கத்தில் இருப்பது வேறு, காரில் நுழையும் வாசல் பக்கத்தில் இருப்பது வேறு. பிளாக் ராக், இண்டியன் கோவ் என்ற இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிச் சாலைகள் போகின்றன. பூங்காவுக்குள்தான் இருக்கின்றன என்றாலும், அங்கிருந்து காரில் பூங்காவின் நடுப்பகுதிக்குப் போக வழியில்லை. திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்துதான் சுற்ற வேண்டும். ஆகவே விளம்பரத்தில் "பூங்கா" என்றிருந்தால், எந்த வாசல் என்று கேளுங்கள்.

முக்கிய வாசல்கள் மூன்று.

மேற்கு வாசல்: ஜோஷுவா ட்ரீ என்ற சிற்றூரில் 62-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து 5 மைல் தெற்கே போக வேண்டும். ஹிடன் வேலி, பார்க்கர் டேம், கீஸ் வியூ என்று முதல்முறை போகிறவர்கள் பார்க்க விரும்பும் பெரும்பாலான இடங்களுக்கு இதுதான் கிட்டத்து வாசல். அதனாலேயே கூட்டமும் இங்கேதான். நீண்ட வார இறுதிகளில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போனால் காருக்குள் உட்கார்ந்து முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வடக்கு வாசல்: ட்வென்டினைன் பாம்ஸ் நகரத்திலிருந்து 3 மைல். ஸ்கல் ராக், ஆர்ச் ராக் என்ற பாறைகள் இரண்டும் இந்தப் பக்கம். வரிசை பொதுவாகக் குறைவு. என்னைக் கேட்டால், இரண்டு நாள் மட்டுமே இருப்பவர்கள் தங்க நல்ல இடம் இதுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முற்றத்தில் ஜோஷுவா மரம் நிற்கும் வீடு வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம் தரும். அந்த மரம் மொஹாவி பாலைவனத்தின் உயரமான பகுதிகளில் வளர்வது. ட்வென்டினைன் பாம்ஸ் ஏறத்தாழ 2,000 அடி உயரம்தான். மரங்கள் சூழ்ந்த வீடு வேண்டுமென்றால் ஜோஷுவா ட்ரீ ஊரையோ, 3,300 அடி உயரத்தில் இருக்கும் யக்கா வேலியையோ, அதற்கும் மேலே இருக்கும் பயனியர்டவுனையோ பாருங்கள்.

தெற்கு வாசல்: இண்டியோவிலிருந்து 25 மைல் கிழக்கே, 10-ஆம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, காட்டன்வுட் பக்கம். இந்த வாசலில் ஊர் என்று எதுவும் இல்லை. பாம் ஸ்பிரிங்ஸ், இண்டியோ பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு எடுத்துக்கொண்டு ஒரு நாள் மட்டும் பூங்காவுக்கு வந்துபோக நினைப்பவர்களுக்கு இது உதவும். பூங்காவையே பார்க்க வருபவர்கள் இங்கே தங்கினால் தினமும் காரிலேயே காலம் போய்விடும். பாறைகளும் ஜோஷுவா மரங்களும் வடமேற்கில் இருக்க, இங்கிருந்து அங்கே போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

லாண்டர்ஸ், வொண்டர் வேலி, பயனியர்டவுன் என்று இன்னும் தள்ளியிருக்கும் இடங்களின் வீடுகளும் "ஜோஷுவா ட்ரீ" என்ற பெயரிலேயே விளம்பரமாகின்றன. மோசமான இடங்கள் அல்ல. பயனியர்டவுன் 1940-களில் கௌபாய் படங்கள் எடுப்பதற்காகவே கட்டப்பட்ட ஊர். போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் விடியற்காலையில் பூங்காவுக்குள் இருக்க வேண்டும் என்றால் அங்கிருந்து கிளம்ப அலாரத்தை இன்னும் முன்னால் வைக்க வேண்டும்.

படி 2: எந்த மாதம் போகிறீர்கள்?

பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி வந்தவன்தான். குளிர்காலத்தில் பகல் 15 டிகிரி செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். இரவு உறைநிலைக்கு இறங்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகல் சுமார் 29, இரவு சுமார் 10. கோடையில் பகல் 38-ஐத் தாண்டும், இரவும் 24-க்குக் கீழே அதிகம் இறங்காது. வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தே மாறுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை: ஹீட்டர் எத்தனை அறைகளில் இருக்கிறது என்று கேளுங்கள். இங்குள்ள பழைய வீடுகளில் பல 1938-ஆம் ஆண்டின் சிறுநிலச் சட்டப்படி ஐந்து ஏக்கர் நிலம் வாங்கியவர்கள் கட்டிய சின்னஞ்சிறு குடில்கள். ஊர்க்காரர்கள் இவற்றை முயல் குடில்கள் என்பார்கள். அவற்றைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். சுவரோ அட்டை மாதிரி. "விறகடுப்பு இருக்கிறது" என்பதை ஹீட்டராகக் கணக்கில் எடுக்காதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து விறகு போடுவது யார்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை: குளிர்விப்பதுதான் எல்லாம். விளம்பரத்தில் "ஏசி" என்று இருக்கிறதா, "ஸ்வாம்ப் கூலர்" அல்லது "எவாபரேடிவ் கூலர்" என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது, தண்ணீரில் நனைத்த அட்டை வழியாகக் காற்றை ஊதும் ஏர் கூலர்தான். காற்று வறண்டிருக்கும்வரை அருமையாக வேலை செய்யும், மின்சாரமும் குறைவு. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து பருவமழை ஈரம் வரும்போது அது வெறும் விசிறியாகிவிடும். சூடு உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் அந்த ஈரமும் வருகிறது. கோடைக்கு ஏசி இல்லாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க மாட்டேன். படுக்கையறைகள் ஒவ்வொன்றிலும் ஏசி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஹாலில் மட்டும் ஒன்று மாட்டிவிட்டு "ஏசி உண்டு" என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் திறந்தவெளிக் குளியல், திறந்தவெளிப் படுக்கை, தகரத் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் பகலில் பயனில்லை. நிழலுள்ள முற்றம் இருந்தால் அதற்குக் கூடக் காசு கொடுக்கலாம்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். கோடையில் யக்கா வேலி, ட்வென்டினைன் பாம்ஸை விடச் சில டிகிரி குளிர்ச்சி. குளிர்காலத்தில் அதுவே தலைகீழ்: ட்வென்டினைன் பாம்ஸ் இதம், யக்கா வேலியில் சில வருடம் பனியே விழும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுப்பூக்கள் பூக்கும் காலம். நல்ல மழை பெய்த ஆண்டாக இருந்தால் கூட்டம் சொல்லி முடியாது. ஏப்ரலில் இண்டியோவில் கோச்செல்லா இசைவிழா இரண்டு வார இறுதிகள் நடக்கும். அந்த நாள்களில் ஜோஷுவா ட்ரீ பக்கத்து வாடகையும் எகிறும். தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். வார நாள்களில் போக முடிந்தால் இன்னும் நல்லது.

படி 3: கடைசி இரண்டு மைல்

முன்பதிவுத் தளங்கள் பணம் கட்டும்வரை வீட்டின் சரியான இடத்தைக் காட்டாது. வரைபடத்தில் ஒரு வட்டம்தான் இருக்கும். வட்டம் போதும். செயற்கைக்கோள் காட்சியில் அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் தார்ச்சாலை, வெளிறிய கோடுகள் மண் சாலை. வளைந்து நெளிந்து கிளை பிரியும் வெண்மையான பட்டைகள் வறண்ட ஓடைகள். சாலை அந்த ஓடையைக் கடந்து போகிறதென்றால், மழை பெய்தால் அந்த வழி இல்லை. மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. எங்கோ மலையில் கொட்டியது இங்கே திடீர் வெள்ளமாக வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இது வெறும் பயமுறுத்தல் அல்ல.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது: "மண் சாலை எத்தனை மைல்? சாதாரண செடான் கார் வந்துவிடுமா?" இந்த இரண்டாவது கேள்விக்கு "பெரும்பாலும் வரும்" என்று பதில் வந்தால் வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரில் வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் இருக்கிறது. நடுவழியில் சிக்கினால் செலவு முழுக்க நம் தலையில்.

தொலைவான வீடுகளில் தண்ணீர் லாரியில் வந்து தொட்டியில் நிரப்பப்படுவதாக இருக்கலாம். எட்டுப் பேர் அரை மணி நேரம் ஆளுக்கொரு குளியல் போட்டால் தொட்டி காலி. கழிவுநீர் பெரும்பாலும் செப்டிக் தொட்டிக்குத்தான் போகிறது, ஆகவே கழிப்பறைக் காகிதம் தவிர வேறு எதையும் கழிப்பறையில் போடாதீர்கள் என்ற அறிவிப்பை அலட்சியப்படுத்த வேண்டாம்.

படி 4: இருட்டும் சத்தமும்

நட்சத்திரம் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். பூங்காவுக்கு 2017-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. இருண்ட வானம் வேண்டுமென்றால் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு வேண்டாம். தென்மேற்கில் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்து வெளிச்சம் வானத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும் என்பதால், கிழக்கே போகப் போக நல்லது. வொண்டர் வேலி இதில் முதலிடம். ஆனால் வீட்டை விட முக்கியம் நிலா. நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துத் தேதி குறியுங்கள். நம் வீட்டில் காலண்டர் கிழிக்கும் பெரியவர்கள் இருந்தால் போதும், செயலி எதுவும் வேண்டாம். வீட்டின் வெளி விளக்குகளை அணைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. ட்வென்டினைன் பாம்ஸுக்கு வடக்கே அமெரிக்க மரைன் படையின் மிகப்பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. உண்மையான குண்டுகளை வைத்தே பயிற்சி. சில நாள் இரவில் தூரத்து இடி மாதிரி சத்தம் கேட்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டாவது முறை போனபோது என் பையன் பூகம்பம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆபத்து ஒன்றும் இல்லை. தூக்கம் லேசானவர்கள் ஜோஷுவா ட்ரீ ஊர்ப் பக்கம் தங்கலாம். மற்றது காற்று. பிற்பகலில் கிளம்பினால் வெளியே வைத்த நாற்காலி பக்கத்து நிலத்துக்குப் போய்விடும்.

படி 5: அனுமதியும் பணமும்

இந்தப் பகுதி ஒரே ஊராகத் தெரிந்தாலும் மூன்று நிர்வாகங்கள். யக்கா வேலியும் ட்வென்டினைன் பாம்ஸும் தனி நகராட்சிகள். ஜோஷுவா ட்ரீ, லாண்டர்ஸ், பயனியர்டவுன், வொண்டர் வேலி ஆகியவை நேரடியாக சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருபவை. மூன்றிலும் குறுகிய கால வாடகைக்கு அனுமதி வாங்க வேண்டும். விளம்பரத்தில் அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். நழுவினால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாத வீட்டை நிர்வாகம் மூடினால் உங்கள் முன்பதிவும் போகும், அதுவும் கடைசி வாரத்தில்.

எத்தனை பேர் தங்கலாம், எத்தனை கார் நிறுத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து போகும்போது "குழந்தைகள்தானே" என்று எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது நமக்குப் பழக்கம். இங்கே வேண்டாம். மாவட்ட நிர்வாகப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை சத்தம் போடக் கூடாது. பாலைவனத்தில் பாட்டுச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

விலையில், ஒரு இரவுக்கான தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் சேவைக் கட்டணம், தங்கும் வரி மூன்றும் சேர்ந்தால் ஒரு இரவு மட்டும் தங்குபவர்களுக்கு வாடகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். சுத்தக் கட்டணம் எத்தனை இரவு தங்கினாலும் ஒன்றுதான். அதனால் இரண்டு இரவை மூன்றாக்கினால் சராசரி இறங்கும். 2025 மே மாதம் முதல் அமெரிக்க நடுவண் அரசின் விதிப்படி, கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த விலையைத் தளங்கள் முதலிலேயே காட்ட வேண்டும். வரி மட்டும் தனியாக வரலாம். இந்த விதி வந்தபின் ஒப்பிடுவது எளிதாகிவிட்டது.

பூங்கா நுழைவுக் கட்டணம் இதில் சேராது. ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் இன்றைய கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: யாரோடு போகிறீர்கள்?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு போவதானால் நான் ஜோஷுவா ட்ரீ ஊரையோ யக்கா வேலியையோ தாண்ட மாட்டேன். மருத்துவமனை ஜோஷுவா ட்ரீயில் இருக்கிறது, பெரிய மளிகைக் கடைகள் யக்கா வேலியில் இருக்கின்றன. வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் வருவதும் உதடு வெடிப்பதும் பெரியவர்களுக்கு முதல் நாளே தொடங்கிவிடும். படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்கு வெளியே நடந்துபோக வேண்டிய வீடுகளும் இங்கே உண்டு. படத்தில் அது "இயற்கையோடு இணைந்த குளியலறை". நள்ளிரவில், குளிரில், எழுபது வயதில் அது வேறு.

சின்னக் குழந்தைகள் என்றால் தொட்டிக்கும் குளத்துக்கும் மூடியோ வேலியோ இருக்கிறதா என்று பாருங்கள். தேளும் ராட்டில் பாம்பும் இந்த நிலத்துக்காரர்கள். காலணியைத் தட்டிவிட்டுப் போடப் பழக்குங்கள்.

நாயோடு போகிறவர்கள் கவனிக்க: பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. சாலை, முகாம் இடம் போன்றவற்றிலிருந்து 100 அடிக்குள், கயிற்றோடு மட்டும்தான். அப்படியானால் நீங்கள் மலையேறும்போது நாய் எங்கே இருக்கும்? பல வீடுகளில் நாயைத் தனியாக விட்டுப்போகக் கூடாது என்று விதி இருக்கிறது. வேலி போட்ட முற்றமாக இருந்தாலும் கயோட்டி என்ற ஓநாய்ச் சாதி விலங்கு வேலி தாண்டும். இதற்கு நல்ல தீர்வு ஒன்றுதான்: நாயை வீட்டிலேயே யாரிடமாவது விட்டு வருவது.

சமையல் செய்வீர்களா? அடுப்பு எத்தனை பர்னர், குக்கர் வைக்குமளவு இருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். வறண்ட காலத்தில் வெளியே நெருப்பு மூட்டத் தடை வரும். "தீக்குழி உண்டு" என்று இருந்தால் அது கேஸா விறகா என்று கேளுங்கள். பருப்பு, பொடி வகையறாவை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமே வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

படி 7: விமர்சனம் படிக்கும் முறை

நட்சத்திர எண்ணிக்கை உதவாது. பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்துக்குக் கிட்டத்தட்ட ஐந்தே இருக்கும். நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். அக்டோபரில் தங்கியவருக்கு எந்த வீடும் சொர்க்கம்தான். ஆகஸ்டில் தங்கியவர் "கொஞ்சம் சூடாக இருந்தது, ஆனால் பரவாயில்லை" என்று எழுதியிருந்தால் அந்த "ஆனால்"-ஐ அழித்துவிட்டுப் படிக்க வேண்டும். டர்ட் ரோடு, விண்ட், ஹீட்டர், கூலர், வைஃபை என்ற சொற்களை விமர்சனத் தேடலில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வீட்டுக்காரரிடம் கேட்பதையெல்லாம் தளத்தின் செய்திப்பெட்டி வழியாகவே கேளுங்கள். ஏசி வேலை செய்யாமல் போய்ப் பணம் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், "எல்லா அறையிலும் ஏசி உண்டு" என்று அவர் எழுதியது அங்கே சாட்சியாக இருக்கும். போனில் சொன்னது காற்றில் போய்விடும். ரத்து விதியையும் அப்போதே படித்துவிடுங்கள். வெள்ளத்தால் சாலை அடைபட்டால் என்ன என்பதை நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கலாம்.

படி 8: கிளம்பும் முன்

வீட்டுக்கான வழியையும் பூங்கா வரைபடத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. கதவுக் குறியீட்டு எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 62-ஆம் நெடுஞ்சாலையிலேயே பெட்ரோல் நிரப்பி, தண்ணீர்க் கேன்களை ஏற்றுங்கள். பூங்காவின் உட்பகுதியில் குடிநீர் இல்லை. ஓரத்தில் சில இடங்களில் மட்டும்தான் பிடிக்கலாம்.

இருட்டும் முன் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் அது நடக்காது. காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புங்கள்.